கொடுக்கல் வாங்கல்: சி மொழிக்கும் லூவாவுக்கும் நடுவில் ஒரு கவுண்டர்

இந்த எபிசோடுல ஒரு எல்லையைப் பத்திப் பேசப் போறேன். மேப்புல வரைஞ்ச எல்லை கிடையாது. நாம தினமும் தொடுற சாஃப்ட்வேருக்கு உள்ளே ஓடுற எல்லை.

ரோப்லாக்ஸ் விளையாடியிருப்பீங்க, இல்லேன்னா வீட்டுல தம்பி தங்கச்சி விளையாடிப் பார்த்திருப்பீங்க. ஃபோட்டோகிராஃபி பக்கம் போனவங்க அடோபி லைட்ரூமைத் தொட்டிருப்பீங்க. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகள்ல வலது ஓரமா ஒரு தகவல் பெட்டி வருமே, அதை எல்லாருமே பார்த்திருப்பீங்க. ரோப்லாக்ஸ் கேம்கள், லைட்ரூமில் ஒரு பெரிய பகுதி, அந்தத் தகவல் பெட்டிகளில் பலதும், எல்லாமே ஒரே குடும்பத்து மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழியின் பேரு லூவா. போர்த்துகீசிய மொழியில் நிலான்னு அர்த்தம். பிறந்த ஊர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ. பிறந்த வருஷம் 1993.

லூவா தனியா ஓடுறது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் இன்னொரு புரோகிராமுக்குள்ளே குடியிருக்கும். வெளியே இருக்கிற வீடு சி, சி++ மாதிரி மொழியில் எழுதி கம்பைல் பண்ணினது. உள்ளே குடியிருக்கிறது ஸ்கிரிப்ட். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்குது? இன்னைக்குக் கதை அதுதான்.

ஏன் ரெண்டு மொழி வேணும்?

சி மொழியில் எழுதி கம்பைல் பண்ணினா வேகம் கிடைக்கும். ஆனா ஒரு சின்ன விஷயத்தை மாத்தணும்னாலும் திரும்ப கம்பைல் பண்ணணும், அதுக்கு புரோகிராமர் வேணும். ஒரு கேம்ல வில்லன் எவ்வளவு தூரத்தில் வந்தா ஹீரோவைத் தாக்கணும்ங்கிற எண்ணை மாத்த, முழு கேமையும் திரும்பக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. அதனால கனமான வேலையை சி-யிலும், அடிக்கடி மாறுற விஷயத்தை ஸ்கிரிப்ட்லயும் எழுதுவாங்க.

கேட்க சுலபமா இருக்கு. ஆனா ரெண்டுக்கும் டேட்டாவைப் பார்க்கிற பார்வையே வேற. சி-யில் ஒரு மாறி எண்ணா, எழுத்தாங்கிறது கம்பைல் ஆகும்போதே முடிவாயிடும். ஸ்கிரிப்ட்ல ஒரே மாறி இப்போ எண்ணா இருக்கும், அடுத்த வரியில் பேரா மாறிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மெமரி. சி-யில் இடம் வேணும்னா நீங்களே கேட்டு வாங்கணும், வேலை முடிஞ்சதும் நீங்களே திருப்பித் தரணும். ஸ்கிரிப்ட் மொழிகளில் கார்பேஜ் கலெக்டர்னு ஒண்ணு இருக்கும். எந்த டேட்டாவை இனி யாரும் பயன்படுத்தப் போறதில்லையோ, அதை அதுவே கூட்டி அள்ளிடும்.

'யாரும் பயன்படுத்தலை'ன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஸ்கிரிப்ட் பக்கம் இருக்கிற மாறிகளை ஒவ்வொண்ணா தேடிப் பார்த்துத்தான். சி புரோகிராமோட சட்டைப் பைக்குள்ளே என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அங்கே ஒரு முகவரியை சி ஒளிச்சு வச்சிருந்தா, கலெக்டர் 'இது யாருக்கும் வேண்டாத வீடு'ன்னு இடிச்சிட்டுப் போயிடும். அப்புறம் சி அந்த முகவரியைத் தேடிப் போனா, அங்கே வேற யாரோ குடியிருப்பாங்க. உடனே கிராஷ் ஆனா அதிர்ஷ்டம். ஆகாம, தப்பான எண்ணை எடுத்துக்கிட்டு சத்தமில்லாம ஓடிக்கிட்டே இருந்தா அதுதான் ஆபத்து.

ஆக, எல்லையில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த டேட்டா யாருடையது? இதைக் கூட்டி அள்ளுற பொறுப்பு யாருக்கு?

முன்னாடி வந்தவங்க சொன்ன பதில்

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஜான் ஆஸ்டர்ஹவுட் என்கிற பேராசிரியர் சிப் டிசைனுக்கான சாஃப்ட்வேர் கருவிகளைச் செஞ்சுக்கிட்டு இருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியா ஒரு அரைகுறை கட்டளை மொழி எழுத வேண்டியிருந்தது. ஒரே மொழியை நல்லா எழுதி எல்லாத்துக்குள்ளேயும் வச்சா என்னன்னு யோசிச்சு, 1988-ல் டிசிஎல் மொழியை எழுத ஆரம்பிச்சார்.

எல்லைக் கேள்விக்கு டிசிஎல் சொன்ன பதில் ரொம்ப எளிமை: எல்லாமே எழுத்துச் சரம். எண்ணும் சரம், பட்டியலும் சரம், கட்டளையும் சரம். சி-க்கு சரம் நல்லாவே தெரியும், அதனால கொடுக்கல் வாங்கல்ல குழப்பமே இல்லை. ஆனா விலை வேகத்துல விழுந்தது. 5-ஐயும் 7-ஐயும் கூட்டணும்னா, சரத்தை எண்ணாக்கி, கூட்டி, திரும்ப சரமாக்கணும். 1997-ல் வந்த டிசிஎல் 8.0-லதான் சரத்தோடு சேர்த்து எண்ணையும் உள்ளே வச்சுக்கிற ஏற்பாடு வந்தது.

பைத்தான் வேற வழியில் போச்சு. பைத்தானோட ஆப்ஜெக்ட்டின் முகவரியையே சி-கிட்ட கொடுக்கும். ஆனா கூடவே ஒரு கணக்கு உண்டு: இதை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்க? பிடிக்கும்போது சி புரோகிராமர் ஒண்ணு கூட்டணும், விடும்போது ஒண்ணு கழிக்கணும். கழிக்க மறந்தா மெமரி திரும்பி வராது. ஒரு தடவை கூடுதலாக் கழிச்சிட்டா வீடு இடிஞ்சிடும். தேர்ந்த புரோகிராமரும் தடுக்கி விழுற இடம் இது.

ரியோவில் ஒரு கட்டாயம்

இப்போ பிரேசிலுக்கு வருவோம். 1977-லிருந்து 1992 வரை அந்த நாட்டுல கம்ப்யூட்டர் ஹார்ட்வேருக்கும் சாஃப்ட்வேருக்கும் கடுமையான இறக்குமதித் தடைகள் இருந்தது. உள்நாட்டுலேயே எல்லாம் செய்யணும்ங்கிற தேசியக் கொள்கை. வெளிநாட்டுலேர்ந்து தனக்கு ஏத்த மாதிரி சாஃப்ட்வேர் செஞ்சு வாங்க பணமும் இடம் கொடுக்கலை, அரசியலும் இடம் கொடுக்கலை.

ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துல 1987-ல் டெக்கிராஃப் என்கிற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் குழு தொடங்கினது இந்தச் சூழ்நிலையில்தான். அதோட பெரிய வாடிக்கையாளர் பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ்.

பெட்ரோபிராஸ் இன்ஜினியர்களுக்கு தினமும் ஒரு தலைவலி. அவங்க பழைய சிமுலேஷன் புரோகிராம்களுக்கு இன்புட் ஃபைல் தயார் பண்ணணும். அந்த ஃபைல்ல வெறும் எண்கள் வரிசை வரிசையா இருக்கும். எந்த எண் எதுக்குன்னு ஒரு குறிப்பும் கிடையாது. ஒரு எண் இடம் மாறினா கணக்கே மாறிடும். இதுக்கு டெக்கிராஃப் குழு ஒரு சின்ன மொழி எழுதிச்சு, பேரு டெல். எந்தக் கட்டத்துல என்ன டேட்டா வரணும், அது எந்த வகை, சரியா தப்பான்னு எப்படிப் பார்க்கணும்னு அதுல எழுதி வைக்கலாம். அதே காலத்துல பாறை அடுக்குகளைப் பத்தின அறிக்கை தயாரிக்கிற இன்னொரு புரோகிராமுக்காக இன்னொரு மொழியும் எழுதினாங்க. அதோட பேரு சோல். போர்த்துகீசியத்துல சூரியன்.

கொஞ்ச நாள்ல பயனர்கள் 'இது மட்டும் போதாது, இஃப் வேணும், லூப் வேணும்'னு கேட்க ஆரம்பிச்சாங்க. 1993 நடுவில் ரொபெர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலஸ் மூணு பேரும் உட்கார்ந்து பேசினாங்க. ரெண்டு சின்ன மொழிகளை விட்டுட்டு ஒரே முழு மொழி செய்யலாம்னு முடிவாச்சு. டிசிஎல்-ஐயும் யோசிச்சுப் பார்த்தாங்க. அதோட எழுத்து நடை புரோகிராமர் அல்லாதவங்களுக்கு விசித்திரமா இருந்தது, டேட்டாவை விவரிக்க வசதி போதலை, அப்போ யுனிக்ஸில் மட்டும்தான் ஓடிச்சு. சொந்தமாவே செஞ்சாங்க. பழைய மொழி சூரியன்னா புதுசு நிலாவா இருக்கட்டும்னு ஒரு நண்பர் சொன்னார். லூவா பிறந்தது.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. லூவாவோட முதல் வேலையே டேட்டாவை விவரிக்கிறதுதான். அதை எழுதப் போறவங்க புரோகிராமர்கள் இல்லை, இன்ஜினியர்களும் புவியியலாளர்களும். அவங்களை மெமரிக் கணக்கு பார்க்கச் சொல்ல முடியாது. அந்தச் சுமையை எல்லையே தாங்கணும்.

கவுண்டர் எப்படி வேலை செய்யுது?

லூவாவின் பதிலை நான் ஒரு கடைக் கவுண்டரா நினைச்சுக்குவேன். இந்தப் பக்கம் சி, அந்தப் பக்கம் லூவா. யாரும் யாரோட கிடங்குக்குள்ளேயும் நுழையக் கூடாது. எந்தப் பொருளா இருந்தாலும் கவுண்டர் மேல வைக்கணும், கவுண்டர் மேலேர்ந்து எடுக்கணும். இதைத்தான் டெக்னிக்கலா ஸ்டாக்னு சொல்றாங்க.

உதாரணமா, ஒரு லூவா ஃபைல்ல ஜன்னலோட அகலம் 800-ன்னு எழுதியிருக்குன்னு வைங்க. சி-க்கு அது வேணும். 'அகலத்தை எடுத்துக் கவுண்டர்ல வை'ன்னு சி கேட்கும். லூவா வைக்கும். 'மேல இருக்கிறது எண்தானா?'ன்னு சி சரிபார்க்கும். ஆமான்னா, 800-ஐத் தன் நோட்டுல எழுதிக்கும். அப்புறம் கவுண்டரைத் துடைச்சிடும்.

ஒரு லூவா ஃபங்ஷனைக் கூப்பிடணும்னாலும் இதே முறைதான். முதல்ல ஃபங்ஷனை வை, அடுத்து அதுக்கான மதிப்புகளை வரிசையா வை, 'ரெண்டு மதிப்பு கொடுத்திருக்கேன், ஒரு பதில் வேணும்'னு சொல்லு. லூவா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, பதிலை அதே கவுண்டர்ல வைக்கும். அடியிலேர்ந்து எண்ணினா முதல் இடம் 1. மேலேர்ந்து எண்ணினா உச்சி இடம் மைனஸ் 1. லூவா ஒரு சி ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அதுக்குன்னு தனிக் கவுண்டர் கொடுக்கும். குறைஞ்சது 20 காலி இடம் நிச்சயம். கூடுதலா வேணும்னா கேட்டு வாங்கிக்கணும்.

இதனால நாம பார்த்த ரெண்டு சிக்கலும் தீருது. கவுண்டர் மேல எந்த வகைப் பொருளும் வரலாம், எடுக்கும்போது வகை பார்த்து எடுத்தாப் போதும். கவுண்டர் மேல இருக்கிற எல்லாம் கார்பேஜ் கலெக்டர் கண்ணுக்குத் தெரியும், அதனால அங்கே இருக்கிற வரைக்கும் எதையும் அது அள்ளாது.

எண் சுலபம், நகல் எடுத்துக்கலாம். எழுத்துச் சரம்னா லூவா முகவரியைக் காட்டும். ஆனா அது கவுண்டர்ல இருக்கிற வரைக்கும்தான் செல்லும், அதுல சி கை வைக்கவும் கூடாது. வேணும்னா நகல் எடுத்துக்கிட்டுப் போகணும். டேபிள்னு ஒரு பெரிய டேட்டா வகை இருக்கு. அதை முழுசா சி-கிட்ட தூக்கிக் கொடுக்கவே மாட்டாங்க. 'இந்தப் பேர்ல என்ன இருக்கு?'ன்னு ஒவ்வொண்ணா கேட்கணும்.

லூவாவோட ஒரு பொருளை சி ரொம்ப நாள் வச்சுக்கணும்னா? கோயில் வாசல்ல செருப்பு ஸ்டாண்டு இருக்கும்ல, அதே ஏற்பாடு. பொருளை ரெஜிஸ்ட்ரி என்கிற ஒரு டேபிள்ல ஒப்படைச்சா, ஒரு எண் கிடைக்கும். சி அந்த டோக்கனை மட்டும் பையில வச்சுக்கும். வேணும்போது டோக்கனைக் காட்டி வாங்கிக்கும். வேலை முடிஞ்சா டோக்கனைத் திருப்பிக் கொடுத்திடணும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சி-யோட பொருள், உதாரணமா ஒரு படமோ ஒரு ஃபைலோ, லூவா கையில் இருக்கணும்னா? அதை யூசர்டேட்டா என்கிற மூடின பெட்டியில் வச்சுக் கொடுப்பாங்க. ஸ்கிரிப்ட் அந்தப் பெட்டியைக் கையில வச்சிருக்கலாம், இன்னொருத்தர்கிட்ட கொடுக்கலாம், ஆனா திறக்க முடியாது. பெட்டி மேல ஒரு லேபிள் ஒட்டி வச்சா, திரும்பி வரும்போது இது நம்ம பெட்டிதானான்னு சி பார்த்துக்கலாம். பெட்டி இனி வேண்டாம்னு கலெக்டர் முடிவு பண்ணும்போது, அதை முறையா மூடி வைக்க சி-க்குத் தகவல் போகும்படியும் ஏற்பாடு செய்யலாம்.

இந்த வடிவம் முதல் நாளே வந்திடலை. ஆரம்பப் பதிப்புகளில் லூவா மதிப்புக்கான ஓர் அடையாளத்தை சி தன் மாறியில் வச்சுக்கலாம். அது எப்போ வரைக்கும் செல்லும்ங்கிறதை புரோகிராமர் ஞாபகம் வச்சுக்கணும். 2000 நவம்பரில் வந்த லூவா 4.0-ல் அதைக் கைவிட்டு, எல்லாமே கவுண்டர் வழியாத்தான்னு மாத்தினாங்க. அதுவரைக்கும் எழுதின சி கோடை எல்லாரும் திருத்த வேண்டியிருந்தது. ஏற்கெனவே பல பேர் பயன்படுத்துற ஒண்ணை அப்படி மாத்த துணிச்சல் வேணும்.

எண்ணெயிலிருந்து கேமுக்கு

1994-ல் லூவா 1.1 வெளியானப்போ படிப்புக்கு இலவசம், வியாபாரத்துக்குப் பேசி விலைன்னு வச்சாங்க. ஒரு வியாபாரமும் படியலை. போட்டி மொழிகள் எல்லாம் இலவசம். 1995-ல் வந்த 2.1-லிருந்து எல்லாருக்கும் இலவசம்னு திறந்து விட்டாங்க.

1996 டிசம்பரில் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்கிற அமெரிக்க புரோகிராமிங் பத்திரிகையில் லூவா பத்தி ஒரு கட்டுரை வந்தது. அதை லூகாஸ்ஆர்ட்ஸ் கேம் நிறுவனத்தின் ப்ரெட் மொகிலெஃப்ஸ்கி படிச்சார். அங்கே 1987-லிருந்து கேம்களுக்கு ஸ்கம் என்கிற சொந்த ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. அதை எடுத்துட்டு லூவாவை வச்சார். 1998-ல் வந்த கிரிம் ஃபாண்டாங்கோ கேமின் கதை லூவாவில்தான் ஓடிச்சு. எண்ணெய் இன்ஜினியர்களுக்காகக் கட்டின கவுண்டரில் இப்போ கேம் டிசைனர்கள் வரிசையில் நின்னாங்க. அவங்களும் புரோகிராமர் வேலைக்கு வந்தவங்க இல்லையே.

2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இன்னும் ஒரு படி மேல போச்சு. கவுண்டரின் மறுபக்கம் விளையாடுறவங்களையே நிக்க விட்டாங்க. திரையில் என்ன எங்கே தெரியணும்னு ஆட்டக்காரர்களே லூவாவில் ஆட்-ஆன் எழுதலாம். சீக்கிரமே சில ஆட்-ஆன்கள் ஆட்டத்தையே ஆட ஆரம்பிச்சுது. ஒரே பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தாப் போதும், கூட்டத்துல யாரைக் காப்பாத்தணும்னு ஆட்-ஆனே முடிவெடுக்கும். 2006-ல் நிறுவனம் விதியை மாத்திச்சு. ஆட்-ஆன் தொட்ட டேட்டாவுக்கு ஒரு கறை ஒட்டிக்கும். கறை பட்ட வழியா வந்து, சண்டைக்கு நடுவுல முக்கியமான செயலைச் செய்யச் சொன்னா, கவுண்டர் மறுத்திடும்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். எல்லையை யார் வடிவமைக்கிறாங்களோ, யாருக்கு எவ்வளவு அதிகாரம்ங்கிறதையும் அவங்கதான் எழுதுறாங்க. டேட்டாவைப் பார்க்கலாம், ஆனா இதை வச்சு அதைச் செய்யக் கூடாது. ரோப்லாக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதுற பள்ளிக்கூடப் பசங்களும் இப்படி யாரோ வரைஞ்ச கோட்டுக்கு உள்ளேதான் எழுதுறாங்க.

கவுண்டரை எடுத்துட்டா?

கவுண்டருக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பொருளையும் வை, எடு, துடைன்னு போனா நேரம் ஆகும். லட்சக்கணக்கான எண்களை மாத்தி மாத்தி அனுப்பினா, கணக்கு போடுற நேரத்தைவிடக் கவுண்டரில் நிக்கிற நேரம் அதிகமாயிடும்.

மைக் பால் என்கிற புரோகிராமர் எழுதின லூவாஜிட்டில் இதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. அதுல லூவா ஸ்கிரிப்ட்டே சி-யோட மெமரியை நேரடியாத் தொடலாம். கவுண்டரே கிடையாது. வேகம் அபாரம். ஆனா ஸ்கிரிப்ட்ல ஒரு எண்ணைத் தப்பா எழுதினா முழு புரோகிராமும் கவிழலாம். என்ன செய்யறோம்னு தெரிஞ்சவங்களுக்கு அது நல்ல கருவி. பெட்ரோபிராஸ் புவியியலாளர்கிட்டயோ, முதல் தடவை கேமுக்கு ஆட்-ஆன் எழுதுற பன்னிரண்டு வயசுப் பையன்கிட்டயோ அதைக் கொடுத்திட முடியாது.

இன்னைக்கும் லூவாவோட சோர்ஸ் கோடு சுமார் 30,000 வரிதான். 2012-ல் ரெடிஸ் என்கிற டேட்டாபேஸ் தன் 2.6 பதிப்பில் லூவாவைக் குடிவச்சது. 2013-ல் விக்கிப்பீடியாவும் வச்சது. வெளியே இருக்கிற வீடு ஒவ்வொண்ணும் வேற வேற. உள்ளே வந்த குடித்தனக்காரர் இடத்தை அடைச்சுக்கலை, தன் குப்பையைத் தானே அள்ளினார், வீட்டுக்காரர் பொருளில் கை வைக்கலை. அதனாலதான் போன இடமெல்லாம் இடம் கிடைச்சது.

கோடு எழுதுறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரு வேலை. உங்க புரோகிராமில் ரெண்டு பகுதி டேட்டாவைப் பகிர்ந்துக்கிற ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு, இதைக் கடைசியா யார் அழிக்கணும்னு கேட்டுப் பாருங்க. பதில் ஒரே வரியில் வந்தா உங்க கவுண்டர் சரியா இருக்கு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.